மேடை வளர்த்த பிள்ளை

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று பேசுமாறு எனக்குத் தரப்பட்ட பொருள் ஔவை சண்முகனாரின் வாழ்வும் தொண்டும். டி.கே. சண்முகம் என்று நாடறிந்த நாடகப் பெருமகனாரைத்தான் சொல்கிறேன். நம் வழக்கப்படி தி.க. சண்முகனார் என்றே அழைப்போம். நான் இம்மன்றத்துள் நுழையும்போது நம் அன்பர் ஒருவர் வாயிலிலேயே என்னை நிறுத்தி, “ஐயா, வடசொல்லும் பிறசொல்லும் மண்டிக் கிடந்த பழைய நாடக மேடையில் நின்றவர் அவர். தனித்தமிழ் பேணும் நம் அவையில் அவருக்கு என்ன இடம்?” என்று கேட்டார்.

வினா நேர்மையானது. அதை முகஞ்சுளித்துத் தள்ள நான் ஒருப்படவில்லை. அன்பருக்கு நான் தரும் விடையே இந்த உரை. இறுதியில் அவர் ஒப்புவாரா மறுப்பாரா என்பதை அவரே சொல்லட்டும்.

இரண்டு ஆண்டுகள், இரண்டு நிகழ்வுகள்

தோழர்களே, 1916ஆம் ஆண்டை நாம் மறப்பதில்லை. பல்லாவரத்தில் வாழ்ந்த வேதாசலனார் தம் பெயரைத் தமிழாக்கிக் கொண்டு மறைமலையடிகள் ஆனதும், தனித்தமிழ் இயக்கம் வேர் கொண்டதும் அவ்வாண்டில்தான். அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1918இல், மதுரையில் ஒரு நாடகக் குழு தோன்றிற்று. சிறுவர்களை மட்டுமே நடிகர்களாகக் கொண்ட குழு அது. அதன் பெயரைக் கேளுங்கள்: ‘மதுரைத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’. மதுரை என்னும் ஊர்ப் பெயரையும் மீன் என்னும் சொல்லையும் நீக்கிவிட்டால் அப்பெயரில் தமிழென்று சொல்ல ஒன்றுமில்லை.

பல்லாவரத்தில் ஒருவர் தமிழைத் தூய்மை செய்கிறார். மதுரையில் ஒருவர் வடமொழிப் பெயர்ப்பலகையை மாட்டிவிட்டு, உள்ளே சிறுவர்க்குத் தமிழ்ப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார். முன்னது எழுத்தறிந்தார் கையில் நூலாய்ச் சேர்ந்தது. பின்னது எழுத்தறியாதார் செவியில் பாட்டாய்ச் சேர்ந்தது. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே நாட்டில், ஒன்றையொன்று அறியாமல் ஓடிய இரண்டு ஆறுகள். இவ்விரண்டும் உரிய காலத்தில் ஒன்று கூடாமற் போனதே நமக்கு நேர்ந்த இழப்பு என்பது என் கருத்து. அவ்விழப்பை விளக்கவே அந்தச் சிறுவர் குழுவில் சேர்ந்த ஆறு அகவைப் பிள்ளை ஒருவரின் கதையை எடுத்துக்கொள்கிறேன்.

பிள்ளையின் பிறப்பு

சண்முகனார் 1912ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் பிறந்தார். அந்நகர் தமிழுக்கு அயலானதன்று. மனோன்மணீயம் தந்த சுந்தரனார் பேராசிரியராய் வாழ்ந்த நகர் அது. 1891இல் வெளிவந்த அந்நாடக நூலின் வாழ்த்துப் பாடலைத்தான் 1970 முதல் நம் அரசு விழாக்களில் பாடி வருகிறோம். 2021இல் அது மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனால் மனோன்மணீயம் கற்றோர் படித்துச் சுவைக்கும் நாடகமாக எழுந்த நூல். அதே நகரில், அந்நூல் வந்து இருபதாண்டுகள் கழித்து, மக்கள் பார்த்துச் சுவைக்கும் நாடகத்தைத் தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் இப்பிள்ளை பிறந்தது.

தந்தையார் கண்ணுச்சாமிப் பிள்ளை. பெண் வேடம் பூண்டு நடிப்பதில் பெயர் பெற்றவர். பெண்கள் மேடையேறுவது அருகியிருந்த காலம் அது. சங்கரன், முத்துச்சாமி என்னும் இருவர் சண்முகனார்க்கு மூத்தவர்கள். பகவதி இளையவர். பிற்காலத்தில் ‘டி.கே.எசு. சகோதரர்கள்’ என்று தமிழகம் முழுவதும் அறியப்பட்ட உடன்பிறந்தார் நால்வர் இவர்களே.

1918இல் மதுரைக் குழு தொடங்கியபோது தந்தையார் தம் பிள்ளைகளோடு அதில் போய்ச் சேர்ந்தார். சண்முகனார்க்கு அப்போது அகவை ஆறு. நம் வீட்டுப் பிள்ளை அரிச்சுவடி தொடங்கும் அகவை. அப்பிள்ளைக்கு அன்று முதல் பள்ளியும் மேடைதான். விளையாட்டுத் திடலும் மேடைதான். வீடும் ‘கம்பெனி வீடு’ என்று நாடகக்காரர் வழங்கிய அந்த வீடுதான்.

சிறுவர் குழு ஏன் பிறந்தது?

அக்குழுவின் ஆசான் சங்கரதாசர். மக்கள் அவரைச் சுவாமிகள் என்றனர். நாம் அடிகள் என்போம். 1867இல் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனித் தண்டபாணி அடிகளிடம் தமிழ் பயின்றவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலான நாடகங்கள் அவர் ஆக்கியவை. வெண்பாவும் விருத்தமும் சிந்தும் கும்மியும் கலந்த அந்த நாடகங்களை இன்றும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்த் திருவிழாக்களில் மக்கள் விடிய விடிய அமர்ந்து கேட்கிறார்கள்.

அவர் ஏன் சிறுவர்களைத் தேடினார்? அக்காலத்துச் சிறப்பு நாடகங்களில் ஒவ்வொரு நடிகரும் ஒவ்வோர் ஊரிலிருந்து வந்து அன்றிரவே மேடையில் கூடுவார்கள். ஒத்திகை இல்லை. ஒருவரை ஒருவர் பாட்டால் மடக்குவதிலும், எழுதிய உரையாடலை விட்டுவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசுவதிலுமே இரவு கழியும். குடித்துவிட்டு மேடையேறுவோரும் உண்டு. ஆசிரியன் எழுதிய நாடகம் ஒன்று. ஊரார் கண்ட நாடகம் வேறு. இதைக் கண்டு வெதும்பிய அடிகள், வளைந்து முற்றிய மரத்தை நிமிர்த்த முடியாது, நாற்றிலிருந்தே தொடங்க வேண்டும் என்று துணிந்தார். அத்துணிவின் பயனே சிறுவர் குழு.

கரணியம் நல்லதே. ஆயினும் தோழர்களே, நாற்றுக்கும் வலிக்கும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

மேடையே பள்ளி

சிறுவர் குழுக்களில் பிள்ளைகளின் வாழ்க்கை எப்படி இருந்தது? பெற்றோர் வறுமையால் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவர். இத்தனை ஆண்டு குழுவிலேயே இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக் கொள்வர். சோறும் துணியும் குழுவின் பொறுப்பு. பகலில் பாடம், இரவில் நாடகம். இரவு தொடங்கும் நாடகம் விடியலில் முடியும். நாட்டு மக்கள் உறங்கும் பொழுதில் அப்பிள்ளைகள் விழித்திருந்தார்கள். மறந்தால் அடி, தாளம் தப்பினால் பிரம்பு. “வாத்தியார்” என்னும் சொல்லைக் கேட்டாலே உடல் குறுகிய பிள்ளைகள் எத்தனையோ பேர்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் மண்ணில் அமர்ந்திருப்பவன் காதிலும் சொல் தெளிவாய் விழ வேண்டும். லகரமும் ளகரமும் குழைந்தால் பாட்டின் பொருள் கெடும். ழகரம் தேய்ந்தால் கூட்டம் சிரிக்கும். ஆகவே எழுத்தொலி திருந்தும் வரை ஆசான் விடமாட்டார். வெண்பாவை வெண்பாவின் ஓசையிலேயே சொல்ல வேண்டும். விருத்தத்தைச் சொற்பிரித்துப் பொருள் விளங்கப் பாட வேண்டும். இன்று பல்கலைக்கழகத்தில் தமிழ் பயில்வோர் பலர்க்கு வாய்க்காத செவிப்பயிற்சியும் நாப்பயிற்சியும் அச்சிறுவர்க்கு எட்டு அகவைக்குள் வாய்த்தன.

கற்றோர் கூடிய இசை மன்றங்களில் தெலுங்கும் வடமொழியுமே கோலோச்சிய காலம் அது என்பதை எண்ணிப் பாருங்கள். தமிழில் பாடுக என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது 1941இல். சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது 1943இல். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, மாநாடும் இல்லாமல் முடிவுரையும் இல்லாமல், பத்து அகவைப் பிள்ளைகள் ஊர் ஊராய் இரவெல்லாம் தமிழில் பாடிக்கொண்டிருந்தார்கள். அதைத் தமிழிசை என்று அன்று எவரும் சொல்லவில்லை. கூத்தாடிகளின் பாட்டு என்று ஒதுக்கினர். நாமும் அந்த ஒதுக்கலுக்கு உடன்பட்டோமா இல்லையா என்று நம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஓர் இரவில் எழுந்த நாடகம்

ஆசானுக்கும் மாணாக்கர்க்கும் இருந்த உறவைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். சிறுவன் சண்முகத்தின் பாட்டும் பேச்சும் அடிகளைக் கவர்ந்தன. இப்பிள்ளைக்கென்றே ஒரு நாடகம் எழுத வேண்டும் என்று எண்ணினார். விளக்கையும் தாளையும் வைத்துக்கொண்டு ஓர் இரவு அமர்ந்தார். பொழுது விடிந்தபோது ‘அபிமன்யு சுந்தரி’ என்னும் நாடகம் பாட்டும் உரையாடலுமாய் முழுமையாக எழுந்திருந்தது. அபிமன்யுவாக நடித்தவர் சண்முகனார். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதியவர் என்று போற்றப்படும் முதுபெரும் புலவர் ஒருவர், தம் பேரன் அகவையுள்ள பிள்ளைக்காக உறக்கம் துறந்தார். ஐம்பதாண்டுகள் கழிந்த பின்னும் சண்முகனார் இதை நெகிழ்ந்து சொல்லி வந்தார். தம் ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் நூலிலும் பதிந்து வைத்தார்.

பின்னர் அடிகளைப் பக்கவாதம் தாக்கிற்று. ஆயிரக்கணக்கான பாட்டுகளைப் பிறர் நாவில் ஏற்றியவரின் நா அடங்கிப் போயிற்று. ஆசான் பேச முடியாமல் இருக்க, அவர் எழுதியவற்றை மாணாக்கர் பேசினர். 1922இல் புதுச்சேரியில் அடிகள் மறைந்தார். சண்முகனார்க்கு அப்போது அகவை பத்து.

குரல் உடையும் பருவம்

சிறுவர் நடிகர் வாழ்வில் வரும் பெரிய இடர் ஒன்றுண்டு. அதை நாடகக்காரர் ‘மகரக்கட்டு’ என்பர். பதின்மூன்று, பதினான்கு அகவையில் ஆண்பிள்ளையின் குரல் உடைகிறது. நேற்றுவரை குயிலாய் இருந்தவன் இன்று கரகரக்கிறான். நேற்றுவரை அவனுக்காகக் கூட்டம் கூடிற்று. இன்று அவன் வாய் திறந்தால் கூட்டம் கலைகிறது. மீண்டும் நல்ல குரல் அமைந்தால் பிழைப்பான். அமையாவிட்டால்? பள்ளிப் படிப்பு இல்லை. வேறு தொழில் தெரியாது. திரைச்சீலை இழுப்பதோ, ஒப்பனைப் பெட்டி சுமப்பதோ, ஊருக்குத் திரும்பிக் கூலி வேலைக்குப் போவதோதான் வழி.

நாம் இன்று ஒரு சண்முகனாரைப் பேசுகிறோம். ம.கோ. இராமச்சந்திரனைப் பேசுகிறோம், சிவாசி கணேசனைப் பேசுகிறோம், இருவரும் சிறுவர் குழுக்களில் வளர்ந்தவர்களே. ஆனால் இவர்களோடு ஒரே பாயில் படுத்து, ஒரே பிரம்பால் அடிபட்டு, குரல் உடைந்ததும் பெயரின்றி மறைந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகளை யார் பேசுவது? அவர்களும் தமிழ்ப் பாட்டைச் சுமந்தவர்களே. வென்றவர் வரலாற்றை மட்டும் சொல்லி, அதனால் அந்த முறையே நன்று என்று முடிவு கட்டுவது அறமாகாது. இதை நான் அழுத்திச் சொல்லக் கரணியம் உண்டு, பின்னர்ச் சொல்வேன்.

சண்முகனாரின் குடும்பம் இந்த இடரை வேறு வகையில் தாண்டிற்று. 1925இல் உடன்பிறந்தார் தாமே ஒரு குழுவைத் தொடங்கினர். ‘சிறீ பால சண்முகானந்த சபை’ என்பது பெயர். முருகனின் பெயரும் தம்பியின் பெயரும் ஒருங்கே ஒலிக்கும் பெயர். வடமொழிக் கோலம் இங்கும் விடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தம்பிக்கு அகவை பதின்மூன்று. பிறர் குழுவில் நடித்த பிள்ளைகள் தம் குழுவில் தாமே நடிகரும் தாமே பொறுப்பாளரும் ஆனார்கள்.

பிள்ளை வளர்ந்தது; மேடையும் வளர்ந்தது

அதன் பிறகு கால் நூற்றாண்டு அக்குழு தமிழகமெங்கும் சுற்றிற்று. தொன்மக் கதைகளோடு நில்லாமல், எம். கந்தசாமி முதலியாரின் பயிற்சியில் நிகழ்கால வாழ்வைக் காட்டும் நாடகங்களை மேற்கொண்டது. வடுவூர் துரைசாமியாரின் ‘மேனகா’ அவற்றுள் ஒன்று. 1935இல் அது திரைப்படமாகவும் வந்து உடன்பிறந்தாரைத் திரைக்கும் அழைத்துச் சென்றது. வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ நாட்டு விடுதலை வேட்கையைத் தூண்டும் நாடகம். அதைத் ‘தேசபக்தி’ என்னும் பெயரில் வெள்ளையர் ஆட்சியிலேயே மேடையேற்றியது இக்குழு.

இக்குழுவில் வளர்ந்தவர்களைப் பாருங்கள். கலைவாணர் கிருட்டிணன் இங்கிருந்தவர். கே.ஆர். இராமசாமி இங்கிருந்தவர், அவர்தாம் பின்னர்த் தனிக்குழு கண்டு அறிஞர் அண்ணாவின் ‘வேலைக்காரி’யை மேடையேற்றினார். எசு.வி. சகசுரநாமம், ஏ.பி. நாகராசன் ஆகியோரும் இம்மேடை தந்தவர்களே. ஆறு அகவையில் பிறரிடம் வளர்ந்த பிள்ளை, பின்னர்ப் பல பிள்ளைகளை வளர்த்தது. 1960இல் ‘களத்தூர்க் கண்ணம்மா’ படத்தில் நடித்த சிறுவன் கமலகாசனும் அதன் பின்னர்ச் சண்முகனாரின் குழுவில் சேர்ந்து பயின்றவரே. 1996இல் வெளியான தம் படத்திற்கு ‘அவ்வை சண்முகி’ என்று அவர் பெயரிட்டது அந்த நன்றியை நினைவூட்டுகிறது.

1944இல் ஈரோட்டில் நாடகக் கலைக்கென ஒரு மாநாட்டைக் கூட்டினர் உடன்பிறந்தார். அண்ணாவும் அங்கு வந்து பேசினார். கூத்தாடி என்று இகழப்பட்டவன் மாநாடு கூட்டித் தன் கலையின் மேம்பாட்டை நாட்டின் முன் வைத்த நாள் அது. சண்முகனார் ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகத்தோடு நெருங்கி நின்றவர். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரி தமிழகத்தோடு இணைந்தது. அவர் பிறந்த திருவனந்தபுரமோ கேரளத்தின் தலைநகராயிற்று. தாம் பிறந்த நகர் தமிழக எல்லைக்கு அப்பால் நிற்கக் கண்ட தமிழர் அவர்.

ஔவை என்னும் பெயர்

இனி அவர் பெயர் முன் நிற்கும் ஔவைக்கு வருகிறேன். 1942இல் ‘ஔவையார்’ நாடகம் மேடையேறிற்று. கூன் விழுந்த முதுகும் கோலூன்றிய கையுமாய்த் தமிழ் மூதாட்டியாக நின்றவர் முப்பது அகவை இளைஞரான சண்முகனார். தந்தையார் பெண் வேடத்தால் பெயர் பெற்றவர் என்றேன். மைந்தரும் ஒரு பெண் வேடத்தாலேயே நிலைத்த பெயர் பெற்றார். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அன்றைய மேடையில் பெண் வேடம் என்றால் அழகு, காதல், கண்ணீர் என்பதே வழக்கம். இங்கு வந்தவளோ கிழவி. அவளிடம் இருந்தது தமிழ் ஒன்றுதான். மன்னர் அவையில் அஞ்சாமல் பேசும் தமிழ்; கூழுக்கும் பாடும் தமிழ். கூட்டம் அவளைக் காணத் திரண்டது. மக்கள் அவர் பெயரோடு ஔவையைச் சேர்த்துவிட்டார்கள். சென்னையில் இலாயிட்சு சாலை என்றிருந்த நெடுந்தெரு இன்று அவ்வை சண்முகம் சாலை. ஓர் அயலவன் பெயர் நீங்கி, ஒரு தமிழ் மூதாட்டியின் பெயரும் ஒரு தமிழ் நடிகரின் பெயரும் தெருப்பலகையில் ஏறின.

அதன் பின் அரு. இராமநாதனின் ‘இராசராச சோழன்’ நாடகமும் இவர்கள் மேடையில் ஒளிர்ந்தது. அரசனாய் நின்றவர் இளவல் பகவதி. 1961இல் ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் சுப்பிரமணிய சிவாவாக வந்தவர் சண்முகனார். ஆசானை அவர் ஒருபோதும் மறக்கவில்லை. சங்கரதாசரைத் தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று எழுதியும் பேசியும் நிலைநாட்டினார். மதுரைத் தமுக்கத்தில் அடிகளுக்குச் சிலை எழ முன்னின்று உழைத்தார். 1972இல் தம் வாழ்வை நூலாக்கினார். 1973ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மறைந்தார். அவ்வாண்டிலேயே ‘இராசராச சோழன்’ திரைப்படமாய் அகன்ற திரையில் வந்தது. அதைக் காண அவர் இல்லை.

அன்பரின் வினாவுக்கு விடை

இப்போது வாயிலில் கேட்ட வினாவுக்கு வருகிறேன். அவர் மேடையில் பேசியது நாம் விரும்பும் தூய தமிழா? முழுமையாக அன்று. ‘சபை’யும் ‘சகோதரரும்’ ‘தேசபக்தி’யும் அவரைச் சூழ்ந்திருந்தன. அதை நான் மூடி மறைக்கவில்லை. ஆனால் குற்றம் அவருடையது மட்டுமா? தமிழறிந்த நம் முன்னோர் நாடகக் கொட்டகைப் பக்கம் எத்தனை பேர் சென்றனர்? பரிதிமாற்கலைஞர் ‘நாடகவியல்’ எழுதினார், போற்றுகிறோம். அந்த இலக்கண நூலைக் கையில் கொண்டு கம்பெனி வீட்டுக்குச் சென்று, “பிள்ளைகளே, இந்தச் சொல்லுக்கு நல்ல தமிழ்ச் சொல் இது, இதைச் சொல்லிப் பாருங்கள்” என்று சொன்னவர் எத்தனை பேர்? கூத்தாடிகளோடு பழகுவது இழிவு என்று ஒதுங்கி நின்றுவிட்டு, அவர்கள் பேச்சில் பிறசொல் கலந்தது என்று இன்று குறை சொல்வது எந்த முறை?

ஆறு அகவையில் ஏறிய சொல் அறுபது அகவையிலும் நாவில் நிற்கும். சண்முகனாரின் வாழ்வு காட்டும் உண்மை இதுவே. அன்று அப்பிள்ளையின் நாவில் சங்கரதாசரின் பாட்டு ஏறிற்று; கடைசி நாள் வரை இறங்கவில்லை. தூய தமிழும் அவ்வாறு ஏறியிருந்தால் அதுவும் இறங்கியிராது. தொலைந்தது நம் வாய்ப்பே.

இன்றைய மேடைப் பிள்ளைகள்

அன்று கொட்டகை, இன்று தொலைக்காட்சியும் கைப்பேசியும். என் தெருவில் நான்காம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவன் இருக்கிறான். தொலைக்காட்சியில் தன் அகவைப் பிள்ளைகள் பேசுவதையும் ஆடுவதையும் பார்த்து அப்படியே நடித்துக் காட்டுகிறான். பத்துச் சொல்லில் ஆறு ஆங்கிலம். அவன்மேல் எனக்குச் சினம் வரவில்லை. அவன் முன் வேறு யார் நின்று, வேறு எந்தச் சொல்லைச் சுவையாகச் சொல்லிக் காட்டினார்கள்?

இன்னொன்றும் கவலைக்குரியது. நடிக்கும் பிள்ளைகளின் வாழ்வு. 2016இல் திருத்தப்பட்ட சிறார் உழைப்புத் தடைச் சட்டம் பதினான்கு அகவைக்கு உட்பட்டோரை வேலைக்கு வைப்பதை விலக்கியது. ஆயினும் திரைப்படம், தொலைக்காட்சி முதலிய கலைத்துறைகளில் பள்ளிப் படிப்புக் கெடாத வகையில் நடிக்க இடம் தந்தது. 2017இல் வந்த விதிகள் அதற்கு வரம்பு கட்டின. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்திற்கு மேல் கூடாது. ஓய்வின்றி மூன்று மணி நேரத்திற்கு மேல் கூடாது. தொடர்ந்து இருபத்தேழு நாளுக்கு மேல் கூடாது. பிள்ளை ஈட்டும் ஊதியத்தில் 20 விழுக்காட்டுக்குக் குறையாமல் அதன் பெயரிலேயே வைப்பகத்தில் இட வேண்டும். நல்ல வரம்புகள். விடிய விடிய நடித்து, சோற்றுக்கும் துணிக்கும் மட்டும் உழைத்த அந்தப் பழைய பிள்ளைகளுக்கு இவற்றுள் ஒன்றுகூட இல்லை. ஆனால் தாளில் உள்ள விதி படப்பிடிப்புத் தளத்தில் உள்ளதா என்று பார்ப்பவர் யார்? பெற்றோரே பிள்ளையின் புகழில் மயங்கினால் கேட்பவர் யார்?

தமிழ்ப்பற்று என்பது தமிழ்ப் பிள்ளையின்மேல் பற்றும் ஆகும். பிள்ளையைக் கசக்கிப் பிழிந்து வரும் தமிழ் நமக்கு வேண்டா. பிரம்பால் ஏற்றிய வெண்பாவை நான் போற்றவில்லை. பேரன் அகவைப் பிள்ளைக்காக ஒரு முதியவர் உறக்கம் விட்டு எழுதினாரே, அந்த அன்பைப் போற்றுகிறேன்.

ஆகவே உங்கள் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: ஒவ்வோர் ஊரிலும் உள்ள நம் அன்பர்கள் ஆண்டுக்கு ஒரு நாடகமாவது சிறுவர்களைக் கொண்டு, விடுமுறை நாளில், பகற்பொழுதில் நடத்துங்கள். படிப்பையும் உறக்கத்தையும் தொட வேண்டா.

இரண்டு: நம் புலவர் பெருமக்கள் சிறுவர் நாவுக்கு எளிதாய், சொன்னவுடன் சுவையாய் இருக்கும் நாடகங்களைத் தூய தமிழில் எழுதித் தாருங்கள். அகராதி வைத்துப் பொருள் காண வேண்டிய உரையாடலை எந்தப் பிள்ளையும் பேசாது. எந்தத் தாயும் கேட்க மாட்டாள். சொல் தூயதாய் இருந்தால் மட்டும் போதாது. வாயில் புழங்க வேண்டும்.

மூன்று: உங்கள் ஊரில் பழைய நாடகக் குழுக்களில் இருந்த முதியோர், சிறப்பு நாடகக் கலைஞர் இருந்தால் தேடிச் சென்று அமர்ந்து கேளுங்கள். அவர்கள் நினைவில் உள்ள பாட்டுகளை எழுதி வையுங்கள். வடசொல் இருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். திருத்துவதைப் பிறகு பார்ப்போம். முதலில் அழியாமல் காப்போம்.

1916இல் பல்லாவரத்தில் பிறந்த ஆறும் 1918இல் மதுரையில் பிறந்த ஆறும் இத்தனை ஆண்டுகள் தனித்தனியே ஓடிவிட்டன. அவற்றை ஒன்று சேர்க்கும் வேலை நம்முடையது. வாயிலில் வினவிய அன்பர் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார். அவர் தமிழாசிரியர் என்பதை நான் அறிவேன். அவருடைய பள்ளியில் முதல் நாடகம் நடக்கட்டும். நாடகத்தை அவரே எழுதட்டும். ஒத்திகைக்கு நான் வருகிறேன்.



வாழ்க தமிழ்! வளர்க தமிழ் மேடை!